வவுச்சர் இல்லாத கணக்கு

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிற ஆளுக்கு குவாண்டம் இயற்பியலில் என்ன வேலை என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இந்தக் கதை என் கண்ணில் பட்டதே ஆடிட்டிங் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான்.

வவுச்சிங் என்று ஒரு பாடம் உண்டு. கணக்குப் புத்தகத்தில் ஐந்நூறு ரூபாய் செலவு என்று எழுதியிருந்தால் ஆடிட்டர் அதை அப்படியே நம்பக்கூடாது. அதற்குப் பின்னால் ஒரு ரசீதோ பில்லோ இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்க வேண்டும். இதை உருப்போட்டு அலுத்துப்போய், 2022-ல் இயற்பியல் நோபல் பரிசை எதற்காக மூன்று பேருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு கட்டுரையைப் படிக்க ஆரம்பித்தேன். முடித்ததும் தோன்றியது, அட, இதுவும் வவுச்சிங் கதைதானே! இயற்கை எழுதும் கணக்குக்குப் பின்னால் வவுச்சர் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பெரிய மனிதர்கள் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் வாதாடியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. சண்டையைத் தீர்க்க வழி இருக்கிறது என்று ஒருவர் அச்சில் எழுதிக் காட்டிய பிறகும், தீர்க்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. இயற்பியல் படிக்கிற நண்பர்கள் தப்பு இருந்தால் திட்டாமல் திருத்தவும் :-)

1927 செப்டம்பரில் இத்தாலியின் கோமோ நகரத்தில் ஒரு மாநாடு. பேட்டரியைக் கண்டுபிடித்த வோல்ட்டா இறந்து நூறு வருஷம் ஆனதை ஒட்டி நடந்தது. அதில் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர் (தமிழில் எழுதினால் பெயரிலேயே சண்டை இருக்கிறது) ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். அதற்குத் தமிழில் நிரப்புத்தன்மை என்று சொல்கிறார்கள்.

அப்போதைய தலைவலி இது. ஒளி சில சோதனைகளில் அலை மாதிரி நடந்துகொள்கிறது. சில சோதனைகளில் துகள் மாதிரி. எலக்ட்ரானும் அப்படியே. இரண்டு மெல்லிய பிளவுகள் உள்ள ஒரு தகட்டின் வழியே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், பின்னால் இருக்கும் திரையில் வரிவரியாக ஒரு கோலம் விழும். அலைகள் ஒன்றோடொன்று கலந்தால்தான் அப்படி விழ முடியும். சரி, ஒவ்வொரு எலக்ட்ரானும் எந்தப் பிளவு வழியாகப் போகிறது என்று பார்ப்போமே என்று ஒரு கருவியை வைத்தால் கோலம் அழிந்துவிடும். போர் சொன்னது: இரண்டு படமும் தேவை, ஆனால் இரண்டையும் ஒரே சோதனையில் பார்க்க முடியாது. எந்தக் கருவியை வைக்கிறாயோ அதற்கு ஏற்ற படம் கிடைக்கும். கருவியை விட்டுவிட்டு, எலக்ட்ரான் தன்னளவில் எப்படி இருக்கிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், ஆடிட்டர் வந்து கேட்கிற வரை அந்த ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது என்று எதுவும் கிடையாது. எந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் என்ன பதில் என்பதே உண்டாகிறது.

ஐன்ஸ்டைனுக்கு இது பிடிக்கவே இல்லை. அவர் கோமோவுக்கு வரவில்லை. அடுத்த மாதம் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐந்தாவது சால்வே மாநாட்டுக்கு வந்தார். 29 பேர் உட்கார்ந்தும் நின்றும் இருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெண் என்று மேரி கியூரி ஒருவர் மட்டும். உண்மையான மாநாடு ஹோட்டலில்தான் நடந்தது என்கிறார்கள். காலைச் சாப்பாட்டின்போது ஐன்ஸ்டைன் ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துவிடுவார். போர் பகலெல்லாம் அதையே யோசித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அதில் ஓட்டை கண்டுபிடித்துவிடுவார்.

அந்தச் சோதனைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், கடைசியில் தேவைப்படும். ஐன்ஸ்டைன் கேட்டார்: எலக்ட்ரான் வரும் வழியில் உள்ள தகட்டை ஆடும்படி தொங்கவிடுவோம். எலக்ட்ரான் ஒரு பக்கம் திரும்பினால் தகடு எதிர்ப்பக்கம் லேசாக உதை வாங்கும். அந்த உதையை அளந்தால் எந்தப் பிளவுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும், கோலமும் அழியாது, இல்லையா? போர் சொன்னார்: அவ்வளவு நுணுக்கமாக உதையை அளக்க வேண்டுமானால், ஹைசன்பெர்க் விதிப்படி தகடு எங்கே இருக்கிறது என்பதே மங்கலாகிவிடும். அந்த மங்கலே கோலத்தை அழித்துவிடும். ஐன்ஸ்டைன் தோற்றார். 1930 மாநாட்டில் இன்னொரு தடவை முயன்று, மறுபடியும் தோற்றார்.

ஐந்து வருஷம் கழித்து அவர் வேறு வழியாக வந்தார். இதற்குள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, ஐன்ஸ்டைன் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறியிருந்தார். 1935 மே மாதம் போரிஸ் பொடால்ஸ்கி, நேதன் ரோஸன் இருவரோடும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மூவரின் பெயரையும் சேர்த்து அதை ஈ.பி.ஆர். என்பார்கள். (அச்சில் வரும் முன்பே பொடால்ஸ்கி விஷயத்தை நியூயார்க் டைம்ஸுக்குச் சொல்லிவிட, ஐன்ஸ்டைனுக்குப் பயங்கரக் கோபம்.) வாதம் இதுதான். ஒரே இடத்திலிருந்து இரண்டு துகள்கள் கிளம்பி எதிரெதிர் திசையில் வெகுதூரம் போகின்றன. முதல் துகளின் இடத்தை அளந்தால் இரண்டாவதின் இடம் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக முதல் துகளின் உந்தத்தை அளந்தால் இரண்டாவதின் உந்தம் தெரிந்துவிடும். இரண்டாவதை நாம் தொடவே இல்லை, உதைக்கவும் இல்லை. அப்படியானால் இடம், உந்தம் இரண்டுமே அதனிடம் முன்பே இருந்திருக்க வேண்டும். வவுச்சர் இருக்கிறது, உங்கள் புத்தகத்தில்தான் அது பதிவாகவில்லை. அதாவது குவாண்டம் கொள்கை தப்பில்லை, முழுமையில்லை.

போர் கையில் இருந்த மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, அதே தலைப்பில், அதே பத்திரிகையில், அதே வருஷம் பதில் எழுதினார். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள நானும் முயன்று பார்த்தேன். பிற்காலத்தில் ஜான் பெல் என்ற பெரிய ஆளே அதன் முக்கியமான வரிகள் தனக்கு விளங்கவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. அதே வருஷம் ஷ்ரோடிங்கர், இப்படிப் பிரிந்துபோயும் கணக்கில் பிரியாத துகள்களின் நிலைக்கு ஒரு பெயர் வைத்தார். ஜெர்மனில் அந்தச் சொல் கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொள்வதற்கும் பயன்படும். தமிழில் பின்னல் என்கிறோம். பிரபலமான அவருடைய பூனையும் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ஒன்றுமே நடக்கவில்லை!

ஏன்? ஒரு காரணம், 1932-ல் வந்த ஒரு புத்தகம். எழுதியவர் ஜான் வான் நாய்மன், கணிதத்தில் அசகாய சூரர். குவாண்டம் கொள்கைக்குப் பின்னால் மறைந்திருக்கும் வவுச்சர்கள், அவர்கள் சொல்படி மறை மாறிகள், இருக்க முடியாது என்பதற்கு அதில் ஒரு நிரூபணம் இருந்தது. வான் நாய்மனே நிரூபித்துவிட்டார், இனி என்ன பேச்சு? நிரூபணத்தைப் படித்தவர்களைவிட அதை மேற்கோள் காட்டியவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன்.

படித்த ஒருவர் இருந்தார். பெயர் க்ரெட்டே ஹெர்மன். புகழ்பெற்ற எம்மி நோதரிடம் கணிதம் படித்து, பிறகு தத்துவத்துக்குப் போனவர். லைப்சிக் போய் ஹைசன்பெர்க்கோடு உட்கார்ந்து விவாதித்தவர். 1935-ல் அவர் எழுதிய கட்டுரையில், வான் நாய்மனின் நிரூபணத்தில் ஒரு அனுமானம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறது, அதை ஏற்றால்தான் முடிவு வரும் என்று சுட்டிக்காட்டினார். வெளியானது ஒரு சிறிய தத்துவப் பத்திரிகையில். இயற்பியல்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரோ நாஜிகளுக்கு எதிரான சோஷலிஸ்ட் குழுவில் இருந்தவர், 1936-ல் நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. (வான் நாய்மன் பக்கம் நியாயமும் சொல்லிவிடுகிறேன். அவர் அவ்வளவு பெரிதாகச் சொல்லவில்லை, படித்தவர்கள்தான் ஊதிப் பெரிசாக்கிவிட்டார்கள் என்று இன்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதியில்லை.)

1952-ல் டேவிட் போம் என்பவர், முடியாது என்று சொல்லப்பட்ட அந்த மறை மாறிக் கொள்கையை எழுதியே காட்டிவிட்டார். அவர் நிலைமையும் பரிதாபம். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். விசாரணைக் குழு முன் பேச மறுத்ததற்காகக் கைதாகி, பிறகு விடுதலையாகி, அப்படியும் பிரின்ஸ்டனில் வேலை நீட்டிக்கப்படாமல், பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவருடைய கட்டுரைகளுக்கும் பெரிய வரவேற்பில்லை.

ஆனால் அவற்றை ஒருவர் விடாமல் படித்தார். அவர்தான் மேலே சொன்ன ஜான் பெல். 1928-ல் பெல்ஃபாஸ்டில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் காலேஜ் சேரக் காசும் வயதும் போதாமல், பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே மாணவரானவர். பின்னால் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் வேலை. சம்பளம் துகள் இயற்பியலுக்கும் முடுக்கிகளுக்கும்தான். குவாண்டம் அடிப்படை பற்றிய யோசனையெல்லாம் பொழுதுபோக்குக் கணக்கில். 1963-64-ல் விடுப்பு எடுத்து அமெரிக்கா போயிருந்தபோது இரண்டு கட்டுரைகள் எழுதினார். ஒன்றில் வான் நாய்மனின் ஓட்டையை (ஹெர்மன் எழுதியது தெரியாமலே) கண்டுபிடித்தார். மற்றது ஆறே பக்கம். பெரிய பத்திரிகைக்கு அனுப்பினால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும், விருந்தாளியாகப் போன இடத்தில் அதைக் கேட்கக் கூச்சம். அதனால் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். சில வருஷத்தில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது.

அந்த ஆறு பக்கத்தில் என்ன இருந்தது? அதை நமக்குத் தெரிந்த பரீட்சை ஹாலில் வைத்துச் சொல்கிறேன். பெல் எழுதிய வடிவம் வேறு. மூன்று கேள்வி வடிவத்தை டேவிட் மெர்மின் என்ற இயற்பியலாளர் 1980களில் பிரபலப்படுத்தினார்.

ராமு, சோமு என்று இரட்டையர்கள். தனித்தனி ஹாலில் உட்கார வைக்கிறோம். அ, ஆ, இ என்று மூன்று கேள்விகள். ஒவ்வொரு ஹாலிலும் சீட்டுக் குலுக்கி ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும். பதில் ஆம் அல்லது இல்லை. இதே மாதிரி ஆயிரக்கணக்கான சுற்றுகள். பேப்பர் திருத்தும்போது ஒன்று தெரிகிறது. இருவருக்கும் ஒரே கேள்வி விழுந்த சுற்றுகளில் எல்லாம் இருவரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என்ன நினைப்பீர்கள்? பிட்டு! வீட்டிலேயே பேசிவைத்து, மூன்று கேள்விக்கும் பதில் எழுதி, ஆளுக்கொரு காப்பி கொண்டுவந்திருக்கிறார்கள், சுற்றுக்கு ஒரு புதுப் பிட்டு. ஐன்ஸ்டைன் கேட்ட வவுச்சர் இந்தப் பிட்டுதான்.

இப்போது இருவருக்கும் வெவ்வேறு கேள்வி விழுந்த சுற்றுகளைப் பாருங்கள். பிட்டில் மூன்று இடம் இருக்கிறது, எழுதக்கூடிய பதிலோ இரண்டுதான். அதனால் எப்படி எழுதினாலும் குறைந்தது இரண்டு இடத்தில் ஒரே பதில் வந்தே தீரும். அ-ஆ, ஆ-இ, அ-இ என்ற மூன்று ஜோடியில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும். ஆக, வெவ்வேறு கேள்வி விழுந்தாலும் சராசரியாக மூன்றில் ஒரு தடவையாவது பதில்கள் ஒத்துப்போகும். எவ்வளவு பெரிய கில்லாடி பிட்டு தயாரித்தாலும் 33 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாது. நீங்களே ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், எட்டு வகைப் பிட்டுகள்தான் உண்டு.

ராமு, சோமு இடத்தில் பின்னல் கொண்ட இரண்டு ஒளித்துகள்களையும், மூன்று கேள்விகள் இடத்தில் ஒன்றுக்கொன்று 60 பாகை திருப்பி வைத்த தளவிளைவு வடிகட்டிகளையும் வைத்தால், குவாண்டம் கணக்கு சொல்லும் எண் 25 சதவீதம். ஒரே கேள்வி விழுந்தால் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும், வேறு கேள்வி விழுந்தால் 25 சதவீதம்தான். எந்தப் பிட்டாலும் இது முடியாது.

என் ஆடிட்டர் புத்தி பெல்லை வியப்பது இங்கேதான். அவர் ஒரு வவுச்சரைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பெட்டி பூட்டியே இருக்கிறது. கடைசி மொத்தத்தை வைத்தே, இந்த மொத்தம் வரவேண்டுமானால் பெட்டிக்குள் வவுச்சர்கள் இருந்திருக்கவே முடியாது என்று சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தார். முப்பது வருஷமாகத் தத்துவம் என்று ஒதுக்கி வைத்திருந்ததை, எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஆக்கிவிட்டார்.

எண்ணிப் பார்க்க யார் வந்தார்கள்? ஐந்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட யாரும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேறு எதற்கோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜான் க்ளாசர் என்ற மாணவர் நூலகத்தில் அந்தக் கட்டுரையைப் பார்த்தார். 1969-ல் ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகியோரோடு சேர்ந்து சோதனை செய்யத் தோதான வடிவத்துக்கு அதை மாற்றினார். பெர்க்லியில் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மன் என்ற மாணவரோடு, இன்னொருவர் விட்டுப்போன கருவியை மாற்றியமைத்து, கால்சியம் அணுக்கள் உமிழும் ஒளித்துகள் ஜோடிகளை எண்ணினார். 1972-ல் முடிவு வந்தது. குவாண்டம் கணக்கே சரி. வேடிக்கை என்னவென்றால், ஐன்ஸ்டைன்தான் ஜெயிப்பார் என்று நினைத்து இறங்கியவர் க்ளாசர். ஹார்வர்டில் ஹோல்ட் செய்த சோதனை எதிர்மாறான முடிவைக் கொடுக்க, அதில் ஏதோ கோளாறு என்று அவர்கள் பத்திரிகையில் வெளியிடவே இல்லை. க்ளாசர் 1976-ல் அதையும் மெனக்கெட்டுத் திருப்பிச் செய்து, குவாண்டம் கணக்கே வருவதைக் காட்டினார்.

பரிசு? ஒரு பேராசிரியர் வேலைகூடக் கிடைக்கவில்லை. இந்த மாதிரிக் கேள்விகள் தீர்ந்துபோனவை, இதில் நேரம் செலவழிப்பவர் சரியான இயற்பியலாளர் இல்லை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது. பெரிய பத்திரிகைகளில் இடம் கிடைக்காதவர்கள் 1973 முதல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த, தட்டச்சு செய்து உருட்டி அச்செடுத்த ஒரு கடிதப் பத்திரிகையில் வாதாடினார்கள். பெல், க்ளாசர், ஷிமோனி எல்லோரும் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வலைப்பூ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1975-ல் அலெய்ன் ஆஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் ஜெனீவாவுக்குப் போய் பெல்லைச் சந்தித்து, புதிய சோதனை ஒன்று செய்யப் போவதாகச் சொன்னார். பெல் முதலில் கேட்டது சோதனையைப் பற்றி அல்ல. உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்று! இருந்தது. பிறகுதான் பேச்சு தொடர்ந்தது.

ஆஸ்பே அடைக்க நினைத்த ஓட்டை இது. ராமுவும் சோமுவும் பிட்டு கொண்டுவராமல், ஹாலில் கேள்வியைப் பார்த்த பிறகு செல்போனில் பேசிக்கொண்டால்? அதைத் தடுக்க, இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு கேள்வியை மாற்ற வேண்டும், செய்தி போய்ச் சேர நேரமே இருக்கக்கூடாது. 1982-ல் டாலிபார், ரோஜே ஆகியோரோடு சேர்ந்து அவர் செய்த சோதனையில், 12 மீட்டர் இடைவெளியில் இருந்த வடிகட்டிகளுக்கு ஒளியைத் திருப்பிவிடும் விசைகள் வினாடியில் நூறு கோடியில் பத்துப் பங்கு நேரத்துக்கு ஒருமுறை மாறின. ஒளிக்கே அந்த 12 மீட்டரைக் கடக்க அதைப் போல நான்கு மடங்கு நேரம் வேண்டும். அப்போதும் குவாண்டம் கணக்கே வந்தது. 1998-ல் ஆன்டன் ஸைலிங்கரின் இன்ஸ்ப்ரூக் குழு 400 மீட்டர் தூரத்தில் கேள்விகளை உண்மையாகவே குலுக்கிப் போட்டுக் கேட்டது. அதே முடிவு. 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் 1.3 கிலோமீட்டர் தூரத்தில், ஹாலுக்கு வராமல் போன மாணவர்களைக் கணக்கில் விடும் இன்னொரு ஓட்டையையும் சேர்த்து அடைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 245 சுற்றுகள். அதே முடிவு.

ஒரு நண்பன் உடனே கேட்டான், அப்போ செவ்வாய்க்குக் கண் இமைக்கும் நேரத்தில் செய்தி அனுப்பலாமா என்று. முடியாது. ஒரு ஹாலின் பதில்களை மட்டும் பார்த்தால் பாதி ஆம், பாதி இல்லை, வெறும் குப்பை. இரண்டு ஹால் பேப்பர்களையும் ஒரு மேஜையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த 25 தெரியும்.

சரி, ஜெயித்தது போரா? எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல மனம் வரவில்லை. இங்கேதான் அந்தத் தொங்கும் தகட்டுக்குத் திரும்ப வேண்டும். கோலம் அழிவதற்கு போர் 1927-ல் சொன்ன காரணம், பார்ப்பதால் விழும் உதை. ஈ.பி.ஆர். கட்டுரைக்குப் பிறகு அவரே உதைப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். 1998-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் டூர், நான், ரெம்பே மூவரும் ருபிடியம் அணுக்களை இரண்டு பாதையில் அனுப்பி, எந்தப் பாதை என்ற தகவலை அணுவின் உள்நிலையிலேயே மைக்ரோஅலையால் குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்பால் அணுவுக்கு விழும் உதை, கோலத்தை அழிக்கத் தேவையானதைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியது. ஆனாலும் கோலம் அழிந்தது. பாதையும் உள்நிலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதே போதுமானதாக இருந்தது. அதாவது போரின் நிரப்புத்தன்மை அங்கே நின்றது, ஆனால் அதைத் தாங்கிப் பிடித்தது ஐன்ஸ்டைன் 1935-ல் குறையென்று சுட்டிக்காட்டிய பின்னல்.

பெல்லுக்கும் போரின் பேச்சு கடைசிவரை திருப்தி தரவில்லை. ஐன்ஸ்டைன் தோற்றதில் அவருக்கு வருத்தமே இருந்தது. போமின் கொள்கை அவருக்குப் பிடித்தமானது. அதில் வவுச்சர் உண்டு, ஆனால் ஒரு ஹாலில் நடப்பது அடுத்த ஹாலை உடனே தொடும். பெல்லின் கணக்கு அதை விலக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2022-ல் பரிசு வாங்கிய மூவர் க்ளாசர், ஆஸ்பே, ஸைலிங்கர். க்ளாசருக்கு அப்போது 79 வயது, அவர் சோதனை முடித்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. உயிரோடு இல்லாதவர்களுக்கு நோபல் கிடையாது. கூடவே உட்கார்ந்து எண்ணிய ஃப்ரீட்மன் 2012-ல் போய்விட்டார். பெல் 1990 அக்டோபரில், 62 வயதில், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். க்ரெட்டே ஹெர்மன் ஜெர்மனிக்குத் திரும்பிவந்து, ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தி, 1984 வரை ப்ரெமன் நகரத்தில் வாழ்ந்தார். ஆஸ்பேயின் சோதனை வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.